ஆடிக் காற்றும் ஆகஸ்ட் பதினைந்தும்

மின்வாரியத்தில் 33 வருஷம் இருந்து லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவன் நான். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தெருவில் நடக்கும்போது என் கண் தானாக மேலே போகும். எந்த மாடியில் புதிதாகப் பைப் நிற்கிறது, லைனுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்களா, இல்லை நாலு செங்கல்லை முட்டுக்கொடுத்து விட்டுவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே போவேன். "கீழ பாத்து நடங்க, பள்ளம் இருக்குது" என்பாள் என் மனைவி.

ஆகஸ்ட் 15 நம் கணக்குக்கு ஆடி 30 அல்லது 31. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்று கம்பத்தின் உச்சியில் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்றவனைக் கேட்டால் தெரியும். கம்பிகள் ஊசலாடும், இரண்டு கம்பி உரசிப் பொறி பறக்கும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போகும். அந்தக் காற்றில்தான் ஊரெல்லாம் மொட்டைமாடியில் இரும்பு பைப்பை நட்டுக் கொடி கட்டுகிறோம்.

ஊருக்கு உபதேசம் செய்ய இதை எழுதவில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது கொசப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். என் மகளுக்கு 8 வயசு. பள்ளிக்கூடத்தில் ஏற்றுகிற மாதிரி நம் வீட்டிலும் கொடி ஏற்ற வேண்டும் என்று ஒரு வாரமாக அடம். நானும் ஆசையாகத்தான் இறங்கினேன். பழைய போர்வெல்லில் இருந்து எடுத்த ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப், 15 அடி நீளம். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் இரண்டு கட்டு போட்டேன். தெருப் பக்கம் எல்.டி. லைன், அதாவது வீடுகளுக்குக் கரண்ட் தருகிற கம்பிகள், சுவரிலிருந்து ஆறடி தள்ளிப் போகிறது. அது எனக்குத் தெரியாததா? தெரியும். பைப் நேராகத்தானே நிற்கிறது, ஆறடி இருக்கிறதே என்று நினைத்தேன். நிற்கிற பைப்புக்குத் தூரம் பார்த்தேன். விழுகிற பைப்புக்குப் பார்க்கவில்லை.

காலை ஏழரைக்குக் கொடி ஏற்றி, தேசிய கீதம் பாடி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். என் மகள் அந்தப் பைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பத்தரை மணி இருக்கும், இன்னும் இரண்டு மிட்டாய் வேண்டும் என்று கீழே இறங்கிப் போனாள். அவள் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு காற்று வந்தது. மேல் கட்டு நழுவி, பைப் தெருப் பக்கம் சாய்ந்து இரண்டு ஃபேஸ் கம்பி மேல் குறுக்கே விழுந்தது. டமார் என்று சத்தம், நீல வெளிச்சம், தெரு முழுக்க கரண்ட் போனது. கொடியின் பச்சை ஓரம் கருகிப் புகைந்தது. கை நிறைய மிட்டாயோடு மேலே ஓடி வந்தவள், "நைனா, கொடி ஏன் எரியுது?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. 'லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் கை வைக்காதே', கரண்டை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி இல்லாமல் தொடாதே என்று சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் குழந்தையின் கையில் அந்த இரும்பைக் கொடுத்தவனும் நான்தான்.

அந்த மகளின் பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது வருஷம் தவறாமல் ஆகஸ்ட் 14 சாயங்காலம் சென்னையிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து இறங்குகிறார்கள். பெரியவளுக்கு 11 வயசு, சின்னவனுக்கு 7. இரண்டு நாளும் அவர்களுக்கு நானும் என் மனைவியும்தான் துணை. கொண்டாட்டத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. அந்த நாள் பிள்ளைகளின் கையிலும் காலிலும் வாயிலும் படவேண்டும், டி.வி.யில் பார்த்து முடிந்துவிடக் கூடாது. அதே சமயம் எங்கள் கை எட்டுகிற தூரத்தில் அவர்கள் இருக்கவேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் எங்கள் நாளை அமைத்துக்கொள்கிறோம்.

முதலில் கொடி. மாடியில் பைப் கிடையாது. வீட்டு முன்வாசலில் சுவரில் அடித்த வளையத்தில் நாலடி மரக் குச்சி. குச்சி எந்தப் பக்கம் விழுந்தாலும் கரண்ட் கம்பியைத் தொடாது. எனக்கு ஒரே விதி இதுதான்: கம்பத்தைப் படுக்கவைத்துச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், அந்த வட்டத்துக்குள் ஒரு கம்பியும் வரக்கூடாது. மாடியில்தான் ஏற்றுவேன் என்றால் மாடியின் நடுவில், மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, அதே வட்டக் கணக்குப் பார்த்து ஏற்றுங்கள். மூங்கில்தானே என்று அலட்சியமும் வேண்டாம். மழையில் நனைந்த மூங்கில் கரண்டைக் கடத்தும். வேலூரில் ஆகஸ்ட் மாதம் பகலில் வெயில் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு மழை பிடிப்பது சாதாரணம். ஏதாவது பைப்போ குச்சியோ லைன்மேல் சாய்ந்துவிட்டால் தொடவே தொடாதீர்கள். கரண்ட் போய்விட்டதே, இப்போது எடுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். எங்கோ ஒருத்தர் ஃப்யூஸைப் போட்டால் அடுத்த நொடி திரும்பி வரும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்துவிட்டு 94987 94987, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போடுங்கள்.

மூவர்ண சீரியல் செட் விளக்கு போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒயரை இரும்பு கேட்டில் சுற்றாதீர்கள். முறுக்கிவிட்ட ஜாயின்ட்டை அப்படியே வெளியே தொங்கவிடாதீர்கள். வீட்டில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. ஒன்று மாட்டி வையுங்கள். வருஷத்துக்கு 365 நாளும் அது காவல் நிற்கும்.

எங்கள் கொடி கதர்த் துணி, ஒன்றரை அடிக்கு ஒரு அடி. நீளம் மூன்று பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு, அதுதான் சட்டப்படி அளவு. 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்ட பிறகு கூடத்தில் பாய் விரித்து அதைப் பிரிப்போம். சின்னவன் சக்கரத்தின் ஆரங்களை விரல் வைத்து எண்ணுவான். முதல் தடவை 23 வந்தது, அடுத்த தடவை 25. தொடங்கின ஆரத்தின் மேல் அவன் ஆயா ஒரு துவரம் பருப்பை வைத்தாள். அதற்கப்புறம் 24 சரியாக வந்தது. மடிப்பது பெரியவளின் வேலை. காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்க வேண்டும். பிறகு வெள்ளையின் இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, மேலே சக்கரமும் இரண்டு நிறத்தின் ஓரமும் மட்டும் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். அப்புறம் அதை விரித்த இரண்டு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் அலமாரியில் வைக்க வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் எலுமிச்சம்பழம் தூக்குகிற பிள்ளை மாதிரி அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பாள்.

என் அம்மாவுக்குப் பிறந்த வீடு குடியாத்தம், நெசவுக் குடும்பம். சுதந்திரம் கிடைத்த அன்று டெல்லியில் ஏறிய கொடி எங்கள் ஊரில் நெய்தது என்று குடியாத்தத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அம்மா அதைச் சொல்லும்போது கை தானாகத் தறியில் நாடா தள்ளுகிற மாதிரி அசையும். அதனால் எங்கள் வீட்டில் கொடி என்றால் முதலில் துணி. யாரோ ஒருத்தர் தறியில் உட்கார்ந்து நெய்த துணி. 2021 கடைசியிலிருந்து பாலியெஸ்டரிலும் மெஷினிலும் கொடி செய்யலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். விலை குறைந்து நிறைய வீட்டில் கொடி பறக்கிறது, அது நல்லதுதான். எனக்குக் கதர்தான் பிடிக்கும்.

15ஆம் தேதி விடிகாலை வாசலில் கோலம். போன வருஷம் பெரியவள் கொடியையே கோலமாகப் போடுகிறேன் என்று மூன்று வண்ணப் பொடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் மனைவி விடவில்லை. "கொடியப் போயி தரையில போடுவாங்களா கண்ணு? இன்னும் கொஞ்ச நேரத்துல பால்காரர் வண்டி அது மேல ஏறும்" என்றாள். பேத்தி கொஞ்சம் முகம் சுருக்கினாள். பிறகு ஆயாவும் பேத்தியுமாக இரண்டு மயில் போட்டு, தோகைக்கு மட்டும் காவியும் வெள்ளையும் பச்சையும் கொடுத்தார்கள். கொடிச் சட்டமும் கொடி தரையில் படக்கூடாது என்றுதான் சொல்கிறது. என் மனைவி அந்தச் சட்டத்தைப் படித்தவள் இல்லை.

ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மோர் கலந்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள. ஆடி மாசம், அம்மன் கோயிலுக்கு ஊற்றுகிற அதே கூழ். அது வயிற்றில் இருந்தால் பதினோரு மணி வரை பிள்ளைகளுக்குத் தலை சுற்றாது. நேதாஜி மைதானத்தில் கலெக்டர் கொடியேற்றுகிற விழாவுக்கு ஒரு வருஷம் கூட்டிக்கொண்டு போனேன். அணிவகுப்பும் பள்ளிப் பிள்ளைகளின் நடனமும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்ததில் அன்றைக்கு 5 வயசில் இருந்த சின்னவன் சுருண்டுவிட்டான். போகிறவர்கள் தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முன்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். சட்டைப் பையில் சீட்டு வைத்தால் அது விழுந்துவிடும்.

இப்போது எங்கள் போக்கிடம் கோட்டை. ஆறரைக்குள் உள்ளே போய்விட்டால் வெயில் ஏறுவதற்குள் நிதானமாக ஒரு சுற்று வரலாம். உள்ளே போகக் காசு கிடையாது. ஒரே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846இல் கட்டிய தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. அரசு அருங்காட்சியகமும் உள்ளேதான், ஆனால் தேசிய விடுமுறை நாளில் அது பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும்கூட திறக்க மாட்டார்கள். நம்பிப் போய் பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம், வேறொரு நாள் அதற்கென்று போங்கள்.

அகழி ஓரத்தில் பிள்ளைகளின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் வியர்வையில் நழுவிவிடும். கம்பத்தில் ஏறும்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பிடி அது, பேரனுக்கும் பொருந்துகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் என்று கணக்கு. மூன்று பிள்ளை இருந்து இரண்டு பெரியவர்தான் என்றால் மதில்மேல் ஏறவேண்டாம், கீழேயே புல்லில் சுற்றுங்கள். இந்த அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் தானாகவே ஒரு அடி பின்னால் தள்ளி நிற்கும். படம் எடுக்க என்று மதில் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற இளவட்டங்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

ஒரு மர நிழலில் உட்கார்ந்து கதை சொல்வது என் முறை. போன வருஷம் செய்தித்தாளை மடித்துத் தொப்பி செய்து சின்னவன் தலையில் வைத்தேன்.

"நீ இப்ப கம்பெனிப் பட்டாளத்துல சிப்பாய். புதுசா ஒரு தலைப்பாகை குடுக்கறோம், இதத்தான் மாட்டணும். இதுல தோல் வச்சிருக்குது. நெத்தியில விபூதி, நாமம் எதுவும் கூடாது. காதுல கடுக்கன் கூடாது. தாடிய எடுத்துடணும். மீசைய நாங்க சொல்ற மாதிரி வெட்டிக்கணும்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மாட்டேன்" என்றான்.

"அவங்களும் அதான் சொன்னாங்க."

அந்த வயசுக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம். அவர்கள் ஒரு நாள் விடிகாலையில் எழுந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள், திப்பு சுல்தானின் கொடியை ஏற்றினார்கள் என்பதோடு நிறுத்திவிட்டேன். அவன் மேலே, கோட்டை மதிலைப் பார்த்து எங்கே ஏற்றினார்கள் என்று தேடிக்கொண்டிருந்தான்.

பெரியவளுக்கு மீதியும் சொன்னேன், அவளுக்குத் தாங்கும். வேலூர்ச் சிப்பாய் எழுச்சி, 1806 ஜூலை 10. மீரட்டில் 1857இல் நடந்த சிப்பாய் எழுச்சிக்கு 51 வருஷம் முன்னால். தலைப்பாகையை மறுத்தவர்களுக்கு மே மாதமே கசையடி. அடிபட்டு வேலையிலிருந்து துரத்தப்பட்டவர்களில் ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். கோட்டைக்குள் திப்புவின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிபோல எழுச்சி தொடங்கியது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் செத்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்ப, அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தான். 25 கிலோமீட்டர். காலையிலேயே கோட்டை மறுபடி அவர்கள் கைக்குப் போனது. நூற்றுக்கணக்கான நம் சிப்பாய்கள் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள், பிடிபட்ட பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிற்பாடு தலைப்பாகை உத்தரவை ரத்து செய்தார்கள். சென்னை மாகாண கவர்னர் பென்டிங்க்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

அவள் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் மக்கான் பக்கம் இருக்கிற நினைவுத் தூணில் நின்றோம். 2006இல், 200வது வருஷத்துக்கு வெளியிட்ட தபால்தலையை நான் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை அங்கே வைத்து அவளிடம் கொடுத்தேன். "தாத்தா, இதைக் கடிதத்துல ஒட்ட வேணாம்" என்று சொல்லிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறும்போது சின்னவன் ஆயாவோடு வீட்டில். பெரியவளை மட்டும் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் என் சொந்த கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆகஸ்ட் 15 அன்று ஊர் ஊருக்குக் கிராம சபை நடக்கும். சுதந்திர தினத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தது. வரவு செலவை வாசித்தார்கள். நடுவில் என் சித்தி முறை ஆகவேண்டிய ஒரு கிழவி எழுந்து, "மேட்டுத் தெருவுக்கு தண்ணி ஏறலைன்னு போன தபாவும் சொன்னேன், எழுதிகினீங்க, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. என் பேத்தி வாய் பிளந்து அந்தக் கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரும்போது பஸ்ஸில், "அந்த ஆயாவுக்கு பயமே இல்லையா தாத்தா?" என்றாள். ஓட்டுப் போடுகிற எல்லோரும் அங்கே எழுந்து கேட்கலாம், உனக்கு 18 வயசு ஆகட்டும் என்றேன்.

மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயில் எண்ணெய்க் கத்தரிக்காய், புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பைப் பிடிக்கும்போது முள் குத்தும், சின்னவனுக்கு அதுவே விளையாட்டு. பிறகு ஆற்காடு மக்கன் பேடா ஆளுக்கு ஒன்று. குதிரை வந்த ஊரிலிருந்து வந்த மிட்டாய் என்று சொல்லித்தான் அவன் தின்றான்.

சாயங்காலம் பட்டம். ஆடிக் காற்றை வீணாக்க முடியுமா? செய்தித்தாளும் தென்னை ஈர்க்கும் சோற்றுப் பசையும் வைத்து நாங்களே ஒட்டுவோம். நூல் வெறும் பருத்தித் தையல் நூல். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாவும் நைலான் நூலும் வீட்டுக்குள் வரக்கூடாது. நைலான் மாதிரி செயற்கை மாஞ்சாவுக்கு 2017இலேயே பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டாகிவிட்டது, பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுக்கிற நூல் அது. மாடியில் நின்று விடக்கூடாது, பட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுந்த பிள்ளைகள் உண்டு. மேலே கம்பி போகாத பள்ளி மைதானம்தான் சரி. வானம் இருண்டு முதல் இடிச் சத்தம் கேட்டதும் நூலைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம், இன்னும் ஐந்து நிமிஷம் என்பதெல்லாம் கிடையாது. கேஸ் பலூனும் நாங்கள் வாங்குவதில்லை. பல இடத்தில் அதில் அடைப்பது ஹைட்ரஜன். பக்கத்தில் ஒரு தீக்குச்சி போதும்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது: 16ஆம் தேதி காலை. முந்தின நாள் சட்டையில் குத்தின கொடி, சைக்கிளில் கட்டின கொடி, கடைவாசலில் தோரணமாகத் தொங்கின கொடி எல்லாம் சாக்கடை ஓரத்தில் கிடக்கும். பார்க்கவே மனசு பொறுக்காது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கையுறை, ஒரு துணிப்பை. ஆறு மணிக்கு வண்டி நடமாட்டம் இல்லாதபோது எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருவும். சாக்கடைக்குள் இருப்பதை நான் எடுப்பேன், மேலே இருப்பதை அவர்கள். வீட்டுக்கு வந்து துடைத்து, காகிதத்தையும் துணியையும் தனியாகப் பிரித்து, கிழிந்ததைப் பின்கட்டில் யாரும் பார்க்காமல் முழுசாக எரிப்போம். கொடிச் சட்டம் சொல்லும் முறை அது. தீக்குச்சி கிழிப்பது நான் மட்டும்தான். பிளாஸ்டிக் கொடியை எரிக்க முடியாது. அதைக் கடையில் வாங்காமல் இருப்பதுதான் வழி.

போன வருஷம் அப்படிப் பொறுக்கிக்கொண்டு வரும்போது சின்னவன் அண்ணாந்து பார்த்தான். என் பழக்கம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரோ விட்ட பட்டத்தின் வாலில் கட்டியிருந்த கைக்குட்டை அளவு துணிக்கொடி, எல்.டி. லைனில் சுற்றிக்கொண்டு தொங்கியது. "தாத்தா, நீங்க ஏறி எடுங்க" என்றான். ரிட்டயர் ஆனவன் ஏறக்கூடாது, ரிட்டயர் ஆகாதவனும் லைன் கிளியர் இல்லாமல் ஏறக்கூடாது என்றேன். மின்னகத்துக்குப் போன் போட்டுவிட்டு எதிர்ச் சாரித் திண்ணையில் உட்கார்ந்தோம். பெரியவள் பையில் இருந்ததை எண்ணினாள், 61.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஒரு இளம் லைன்மேன் ஏணியோடு வந்தார், கூட ஒரு உதவியாளர். முதலில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் சுவிட்சைத் திறந்து ஃப்யூஸ்களைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தார். தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி எர்த் ராடை மாட்டினார். கையுறை போட்டுக்கொண்டார். பெல்ட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏறினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை. மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

இறங்கியவர் நூலை அறுத்துவிட்டு யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். சின்னவன் முன்னால் போய் நின்று, அக்கா அலமாரிக்குக் கொண்டு போவாளே அதே மாதிரி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினான். அந்த லைன்மேன் கையுறையைக் கழற்றி இடுக்கில் வைத்துக்கொண்டு, கொடியை ஒரு முறை உதறி, காவி மேலே வருகிற மாதிரி திருப்பி, அவன் கையில் வைத்தார்.